மூன்று படம் பார்த்த நிபுணர்

தியேட்டரில் நாயகனின் பைக் தரையை விட்டு எழும்பியதும் உங்கள் முழங்கையைப் பிடித்து, "அது எப்படிங்க?" என்று கேட்கும் மனிதரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். எப்போதும் பக்கத்து இருக்கைதான் அவருக்குக் கிடைக்கும். அவர்தான் புது ரசிகர். இந்திய மோட்டார் சைக்கிள் சண்டைப் படத்தை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்க வந்தவர்.

தப்பு அவர் மேல் இல்லை. இருபது பேர் இருபது பைக்கில் துரத்துகிறார்கள். துரத்தப்படுகிறவன் தலைக்கவசம் இல்லாமல், ஆனால் ஒரு முடிகூடக் கலையாமல், வலது கையால் வண்டியையும் இடது கையால் அடிதடியையும் கவனித்துக்கொண்டு போகிறான். குறுக்கே லாரி வருகிறது. அதன் வயிற்றுக்கு அடியில் வண்டியோடு படுத்தபடியே நுழைந்து, அந்தப் பக்கம் எழுந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொள்கிறான். முதல் பாதியில் போட்ட பெட்ரோல் கடைசிவரை தீர்வதில்லை. பழகிய நமக்கு இது தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்ப்பதுபோல. புதிதாக வந்தவருக்கு?

அவர் கேட்பார். பிரேக்கே பிடிக்கவில்லையே என்பார். கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வில்லன் ஏன் சங்கிலியைச் சுழற்றுகிறான் என்பார். கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு போகிறானே, கதவு திறந்துதானே இருக்கிறது என்பார். நியாயமான கேள்விகள். நியாயத்துக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் அவரால் ஆபத்தில்லை. ஒரு பொட்டலம் பாப்கார்ன் கொடுத்தால் வாய் அடைபட்டுவிடும். கேள்வி நின்றுபோய் விளக்கம் தொடங்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்குத்தான் குடும்பம் கலங்கும். எங்கள் குடும்பம் கலங்கியது. சொல்கிறேன்.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் இருசக்கர வண்டித் தேர்வு அதிகாரி. இருபத்தைந்து வருஷமாக ஒரே மைதானம். சிமென்ட் தரையில் வெள்ளைக் கோட்டால் வரைந்த ஒரு பெரிய எட்டு, சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகள், ஓரத்தில் ஒரு நீலக் குடை, குடைக்குக் கீழே நாற்காலி, நாற்காலியில் அத்தான். எட்டுப் போட வேண்டும். பிறகு இரண்டு கோடுகளுக்கு நடுவே மெதுவாக நேராக வர வேண்டும். கோட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். நடுவில் கால் கீழே பட்டால் ஃபெயில். "மழைத் தண்ணி சார், வழுக்கிடுச்சு" என்றால், "மழை பெஞ்சா ரோட்டுல நடந்துதான் போவீங்களா?" என்று கேட்பார். அக்காவோடு கல்யாணம் முடிவான அதே வாரத்தில் என்னை ஃபெயில் ஆக்கியவர். அதைச் சொல்லி நான் இன்றுவரை ஒருவரிடமும் ஆறுதல் வாங்க முடிந்ததில்லை. கால் கீழே பட்டது உண்மை.

அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் எல்லோருக்கும் சிட்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பன்னிரண்டு வயதிலிருந்து பைக் படம் பார்ப்பவள்; நான்தான் பழக்கிவிட்டேன் என்று அக்கா இன்னும் பெருமூச்சு விடுவாள். படம் பார்த்துப் பார்த்து அவளுக்கு பைக் ஓட்டும் ஆசை வந்தது. அத்தான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"கூடாது."

"ஏன்ப்பா? ஊரே ஓட்டுதே."

"ரோட்டுல ஓட்டறவங்க பாதிப் பேர் நான் பாஸ் போட்டவங்கதான். அவங்க லட்சணம் எனக்குத்தான் தெரியும். அந்த ரோட்டுல உன்னை விடுவேனா?"

ஐந்து வருஷம் அவள் பேருந்தில் போனாள்.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு நானும் சிட்டுவும் கிளம்பியபோது, அக்கா அத்தானையும் எங்களோடு தள்ளிவிட்டாள். ஞாயிறன்று வீட்டில் இருந்தால் பிரிட்ஜ் கதவை யார் எத்தனை முறை திறக்கிறார்கள் என்று எண்ணுவார். "மூணு மணி நேரம் எனக்கு நிம்மதி வேணும், கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

அத்தான் மடியில் கையை வைத்துக்கொண்டு, தேர்வு மைதானத்தில் உட்கார்வதுபோலவே உட்கார்ந்தார். நாயகன் அறிமுகமானான். மலைப்பாதையில், பின்சக்கரம் மட்டும் தரையில்.

"ஃபெயில்" என்றார் அத்தான்.

பாலத்திலிருந்து படகுக்குத் தாவினான். "ஃபெயில். தாவறதுக்கு முன்னாடி பின்னால வண்டி வருதான்னு பார்த்தானா?" சுரங்கப் பாதையில் எதிர்த்திசையில் போனான். "இவனுக்கு உரிமம் குடுத்தவன் யாரு? எந்த ஆபீஸ்?" முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். சிட்டு இருக்கைக்குள் புதைந்துகொண்டே போனாள். இடைவேளைக்குள் நாயகன் முப்பத்தொரு முறை தோற்றிருந்தான். அத்தான் டிக்கெட்டின் பின்புறத்தில் குறித்து வைத்திருந்தார்.

இடைவேளைக்குப் பிறகுதான் விபரீதம் நடந்தது. வில்லனின் ஆட்கள் பின்னால் பாய்ந்து வருகிறார்கள், நாயகன் புயலாகப் பறக்கிறான், திடீரென்று எதிரே சாலையைக் கடக்க வெள்ளைப் பட்டைகள் போட்ட இடம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகக் கடக்கிறார்கள். நாயகன் பிரேக்கைப் பிடிக்கிறான். சக்கரம் கிறீச்சிட்டுக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறது. கடைசிப் பிள்ளை கடக்கும்வரை பொறுமையாக நிற்கிறான். பின்னால் வந்தவர்கள் கட்டையால் அடிக்கிறார்கள். அடியை வாங்கிக்கொண்டே நிற்கிறான்.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார்.

"பாஸ்!"

தியேட்டரே திரும்பியது. அவர் கண்ணில் தண்ணீர். இருபத்தைந்து வருஷமாக எவனாவது அப்படி நிறுத்துவானா என்று காத்திருந்த மனிதர் அவர் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் படம் அப்படி. மறு வாரம் இரண்டாவது. அதற்கு மறு வாரம் மூன்றாவது. மூன்றாவது முடிந்து வாகன நிறுத்துமிடத்துக்கு நடந்து வரும்போது, பத்து வருஷமாக இந்தப் படங்களில் ஊறிய தன் மகளின் தோளில் கையை வைத்து, "சிட்டு, இந்த மாதிரிப் படத்தை எப்படிப் பார்க்கணும்னு உனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அதான் பிரச்சினை" என்றார்.

புது ரசிகர் நிபுணராகிவிட்டார்.

நிபுணரின் அடையாளங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "அந்தப் படத்தை விடு, அதுக்கு முன்னால வந்த படத்தைப் பார்த்தியா?" என்பார்; அதை அவரே முந்தாநாள்தான் பார்த்திருப்பார். சண்டை வரும் முன்பே, "இப்ப பாரு, இப்ப பாரு" என்பார். அவருடைய விரல் திரையில் நாயகனின் முகத்தை மறைக்கும். அத்தான் இன்னும் இரண்டு படி மேலே போனார். நான் நடத்தும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்து, நாயகன் போடுவது மாதிரிக் கறுப்புக் கண்ணாடி, ஆனால் தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் பவர் வைத்து, வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தின் குறுக்கே தனக்கு மட்டும் கேட்கும் ஏதோ இசைக்கு ஏற்ப மெதுவாக நடந்து வந்து நாற்காலியில் உட்காருவாராம். வரிசையில் நிற்பவர்களில் இரண்டு பேர் அந்த நடையைப் பார்த்தே பயந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி.

விசில் வேறு. இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கும் விசில் தனக்கு வரவில்லையே என்று பெரிய குறை. காலையில் குளியலறையிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்கும். "உங்க அத்தான் டயருக்குக் காத்தடிக்கிறாரு" என்று அக்கா தொலைபேசியில் சொல்வாள்.

இதில் ஒரு நன்மையும் விளைந்தது. சிட்டு வேலை பார்க்கும் இடத்தில், வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்து வரும் பொறுப்பு காலியாயிற்று. நிலவறையில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டி ஒட்டி அலுத்துப்போனவளுக்கு அது பெரிய கதவு திறந்த மாதிரி. பைக் உரிமம் இருந்தால் அவளுக்குத்தான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நேரம் பார்த்து அப்பாவிடம் கேட்டாள். இரண்டு மாதத்துக்கு முந்தைய அத்தானாக இருந்தால் பதில் நமக்குத் தெரியும். இவரோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "கத்துக்கோ" என்றார். அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

நான் சொல்லிக் கொடுத்தேன். அத்தான் ஓரத்தில் நின்று விளக்கினார். "வண்டிய ஓட்டாத சிட்டு, வண்டியா மாறு." அவள் கிளட்சைத் தேடிக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். ஆறு வாரத்தில் என்னைவிட நன்றாக எட்டுப் போட்டாள்.

தேர்வு நாள் வந்தது. சொந்த மகளுக்கு அத்தான் தேர்வு வைக்கக் கூடாது என்பது விதி. அவரிடம் வேலை பழகிய ஓர் இளம் பெண் அதிகாரி நீலக் குடைக்குக் கீழே உட்கார்ந்தார். அத்தான் கம்பி வேலிக்கு வெளியே என்னோடு நின்றார். வரிசையில் முப்பது பேர்.

சிட்டு வந்தாள். முதல் வளைவு, சுத்தம். இரண்டாவது வளைவு, கூம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழ இடம். எட்டு முடிந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவே, நடப்பவர் வேகத்துக்கு, கை நடுங்காமல் வந்துகொண்டிருந்தாள். நிற்க வேண்டிய இடத்துக்கு இன்னும் பத்தடிதான்.

அத்தானுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இரண்டு விரலையும் வாய்க்குள் வைத்தார்.

மூன்று மாதமாக வெறும் காற்றாக வந்துகொண்டிருந்தது அன்றைக்கு விசிலாக வந்தது. அப்படியொரு விசிலை நான் எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை. அலுவலகக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. சிட்டு திடுக்கிட்டுத் திரும்பினாள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. இடது கால் கீழே பட்டது.

பெண் அதிகாரி எழுந்து வேலியருகே வந்தார்.

"சார், வெளியிலிருந்து இடைஞ்சல் வந்தா இன்னொரு தடவை ஓட்ட விடலாம்னு விதியில இருக்கு. விடட்டுமா?"

அத்தான் முகம் வெளுத்திருந்தது. விரல்கள் இன்னும் ஈரமாக உதட்டருகே இருந்தன. வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது.

"இடைஞ்சல் பண்ணது வெளியாள் இல்லம்மா. நான். என் பொண்ணுக்கு ரெண்டாவது தடவை குடுத்தா, இத்தனை வருஷமா நான் திருப்பி அனுப்பினவங்களுக்கு என்ன பதில் சொல்வேன்? கால் பட்டுச்சு. எழுதுங்க."

சிட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். வேலியருகே வந்து நின்றாள்.

"நல்ல விசில்ப்பா" என்றாள். பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டாள்.

மறு தேர்வுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பரிசோதனைக் கூடம் காத்திருக்கவில்லை. அந்தப் பொறுப்பு உரிமம் இருந்த இன்னொருவருக்குப் போனது. சிட்டு மறுபடியும் நிலவறையில் சீட்டு ஒட்டினாள். வீட்டில் அப்பாவிடம் அவள் பேசியது மூன்று சொற்கள்: "ம்", "இல்ல", "தெரியல."

நான்காம் நாள் அத்தான் என் கடைக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியை உறையோடு மேசைமேல் வைத்தார்.

"இதை வாங்கிக்கோ மச்சான்."

"உங்க பவர் அத்தான் அது. வேற யாரு போட முடியும்?"

கண் பரிசோதிக்கும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எதிரே எழுத்துப் பலகை. அதன் முதல் வரியைப் பார்த்தபடியே கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. நான் ரொம்பப் பேசறேனா?"

அக்காவின் கணவரிடம் இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்வது எப்படி என்று எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை. "அவ எத்தனையோ வருஷமா பார்க்கிறா அத்தான். அவளுக்கு அதுல என்ன பிடிக்கும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?" என்றேன்.

"அதைக் கேட்கணுமா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை மாலை சிட்டு வீட்டுக் கூடத்தில் டி.வி.யில் ஒரு பழைய பைக் படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் வந்து சோபாவின் மறு முனையில், ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார். நானும் அக்காவும் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தோம். இரண்டேகால் மணி நேரம். நாயகன் ஓடும் ரயிலின் கூரையில் பைக் ஓட்டினான். அத்தானின் வாய் திறந்தது, மூடியது. ரயிலிலிருந்து ஹெலிகாப்டருக்குத் தாவினான். சோபாவின் மெத்தையை இரண்டு கையாலும் பிசைந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று அக்கா சைகையில் கேட்டாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

படம் முடிந்தது. சிட்டுவே திரும்பினாள்.

"என்னப்பா, ஒண்ணும் சொல்லல?"

"இல்லம்மா. உனக்கு... இதுல எது பிடிக்கும்?"

ரிமோட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"சண்டை எல்லாம் சும்மாப்பா. நடுவுல ஹீரோவோட அக்கா வண்டிய எடுத்துக்கிட்டுத் தனியா வேற ஊருக்குப் போவா இல்ல? பாட்டு கிடையாது, வசனம் கிடையாது. வழியில ஒரு இடத்துல நிறுத்தித் தண்ணி குடிப்பா. திரும்பக் கிளம்பிடுவா. ரெண்டு நிமிஷம்தான். அதுக்காகத்தான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்."

அத்தான் விழித்தார். "அப்படி ஒரு சீன் வந்துச்சா?"

"இப்பதானே போச்சு."

"என் கண்ணுல படலையேம்மா." குரல் தழைந்திருந்தது. "திரும்பப் போடேன்."

போட்டாள். காலி ரோடு, ஒரு பெண், ஒரு வண்டி. தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பினாள். அத்தான் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். மூன்றாவது முறை ஓடும்போது சிட்டு சோபாவின் நடுவுக்கு நகர்ந்து வந்திருந்தாள். அக்கா என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெங்காயம் நறுக்க வேண்டும் என்றாள். கையில் வெங்காயம் எதுவும் இல்லை.

மறு தேர்வு நாளன்று அத்தான் வேலிப் பக்கமே வரவில்லை. பதிவேட்டு அறைக்குள் போய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கோப்புகளை அகர வரிசையில் அடுக்கினார். சிட்டு எட்டுப் போட்டாள், நேராக வந்தாள், கோட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். தேர்ச்சி. நான் ஓடிப்போய்ச் சொன்னபோது அத்தான் ஒரு கோப்பை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். அன்று அவர் அடுக்கிய கோப்புகளில் பாதியை இன்னும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வாரத்தில் பரிசோதனைக் கூடத்துக்கு வேலை பெருகி, ஊரின் தெற்குப் பாதி சிட்டுவுக்குக் கிடைத்தது. இப்போது காலை ஆறு மணிக்கு, குளிர்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

அத்தான் திருந்திவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, தினமும் நாற்பது பேருக்கு ஊசி குத்திவிட்டு வரும் தன் மகளிடம், "சிட்டு, ஹீமோகுளோபின்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? நான் நேத்து ஒரு வீடியோ பார்த்தேன்" என்றார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நீங்கள் நடைப்பயிற்சி தொடங்கி ஒன்பதாவது நாள், முப்பது வருஷமாகப் பையைச் சுமந்து தெருத் தெருவாக நடக்கும் தபால்காரரை வாசலில் நிறுத்தி, குதிகாலை எப்படி ஊன்ற வேண்டும் என்று விளக்கினீர்களே, அதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். அவர் வெயிலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்படிங்களா?" என்றார். நீங்கள் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனீர்கள்.

அந்த "அப்படிங்களா"வை இன்னொரு முறை, நிதானமாக, காதில் ஓட்டிக் கேட்டுப் பாருங்கள்.